அன்று கருத்தடை செய்துகொண்ட தாய்மார்களுக்கு இன்று அறுபதுக்கு மேல்: அவர்களை யார் பார்த்துக்கொள்வது?

வைகைக்கரை எழுதிய கேள்வி:

மன்ற நண்பர்களுக்கு வணக்கம். நான் சிவகங்கை மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியில் சேர்ந்து, பகுதி சுகாதாரச் செவிலியராக ஓய்வு பெற்றவள். 1987 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏறத்தாழ அதே ஊர்களைத்தான் சுற்றி வந்தேன். இந்த மன்றத்தில் மக்கள்தொகை பற்றி அறிந்தவர்களும் மருத்துவர்களும் இருக்கிறீர்கள் என்பதால், நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, நான் முன்பு பணிபுரிந்த துணை சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். புதன்கிழமை தடுப்பூசி நாள். என் காலத்தில் அந்த நாளன்று வாசல் வேப்பமரத்தடிவரை தாய்மார்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஊசி போட்டு முடித்து நிமிரும்போது மணி இரண்டாகிவிடும். இப்போது பத்தரை மணிக்குள் ஆறு குழந்தைகள் வந்து போய்விட்டன. ஆனால் பெஞ்சு காலியாக இல்லை. பேரக் குழந்தையைத் தூக்கி வந்த பாட்டிகளும், குழந்தை எதுவும் இல்லாமல் தாமாகவே வந்த மூதாட்டிகளும், இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கையை நீட்டியபடி வரிசையாக அமர்ந்திருந்தார்கள்.

அவர்களில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். 1989ஆம் ஆண்டு அவருக்கு இரண்டாவது மகன் பிறந்த பின், மாமியாரிடம் மூன்று முறை நடந்து பேசி, கருத்தடை ஆபரேஷனுக்குச் சுகாதாரத் துறை ஜீப்பில் அழைத்துச் சென்றவளே நான்தான். சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்ற வாசகமும் ஊர்ச்சுவரெல்லாம் எழுதியிருந்த காலம் அது. மாதத்துக்கு இத்தனை பேர் என்று எங்களுக்கு இலக்கும் இருந்தது. இன்று அவருடைய மூத்த மகன் திருப்பூரில், இளையவர் மலேசியாவில். கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஒருநாள் சோறு வடித்து, மறுநாளுக்கும் நீர் ஊற்றி வைத்துக்கொள்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “ரெண்டு போதும்னு நீங்க சொன்னீங்க. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. பக்கத்துலதான் ஒண்ணும் இல்ல” என்றார். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சரும் நம் முதலமைச்சரும் கூடுதலாகக் குழந்தைகள் பெறுவதைப் பற்றிப் பேசியதைக் கேட்டபோது அந்தக் கலக்கம் இன்னும் கூடியது. நாங்கள் செய்த வேலை தவறா? பிறப்பு குறைந்ததால் நாட்டின் உடல்நலத்துக்கும் வாழ்வுக்கும் உண்மையில் என்ன நன்மை கிடைத்தது? கிடைத்திருந்தால், அந்த நன்மைக்காகத் தம் உடலைக் கொடுத்த இந்தப் பெண்களுக்கு அதில் என்ன பங்கு? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுத வேண்டுகிறேன்.

எண்ணுவோன் எழுதிய பதில்:

அம்மா, வணக்கம். கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் எண்களிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கலக்கத்துக்கு எண்களால் ஓரளவுதான் விடை சொல்ல முடியும் என்றாலும், அந்த ஓரளவு முக்கியமானது.

சாவும் பிறப்பும் குறையும் இந்த மாற்றம் உலகில் பெரும்பாலான நாடுகளில் ஒரே ஒழுங்கில்தான் நடந்திருக்கிறது. முதலில் சாவு குறைகிறது; பிறப்பு குறைவதற்கு அதன்பின் ஒரு தலைமுறையோ இரண்டு தலைமுறைகளோ ஆகின்றன. இடைப்பட்ட காலத்தில் மக்கள்தொகை பெருகுகிறது. தமிழ்நாட்டில் 1971இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3.9 குழந்தைகள், பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை முதல் பிறந்தநாளைக் காணாமல் இறந்தன. பிறப்பையும் இறப்பையும் மத்திய அரசு கணக்கிடும் மாதிரிப் பதிவின்படி 2020ஆம் ஆண்டில் அந்தச் சராசரி 1.4, ஆயிரத்துக்கு இறப்பு 13. தேசிய குடும்பநல ஆய்வின் கணக்கு சற்று மாறுபட்டு 1.8 என்கிறது. எதை எடுத்துக்கொண்டாலும், ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுசெய்துகொள்ளத் தேவையான 2.1 என்ற அளவுக்கு நாம் எப்போதோ கீழே வந்துவிட்டோம். அப்படியிருந்தும் 1971இல் 4.12 கோடியாக இருந்த தமிழக மக்கள்தொகை 2011இல் 7.21 கோடியானது. ஏற்கெனவே பிறந்துவிட்ட பெண் குழந்தைகள் வளர்ந்து தாயாகும்போது, ஆளுக்கு இரண்டு பெற்றாலும் மொத்தம் கூடிக்கொண்டுதான் போகும்.

இந்த இரண்டு இறக்கங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் ஊர்த் தாய்மார்களுடைய அம்மாக்கள் ஆறு பெற்று, அதில் இரண்டைக் குழியில் வைத்தவர்கள். எத்தனை தங்கும் என்று தெரியாததால்தான் அத்தனை பெற்றார்கள். நீங்கள் புதன்கிழமை தோறும் போட்ட ஊசி அந்த அச்சத்தைப் போக்கியது. அது போன பிறகுதான் ‘இரண்டு போதும்’ என்ற சொல் காதில் ஏறியது. ஆகவே ஆபரேஷன் என்ற ஒன்றை மட்டும் தனியே பிரித்தெடுத்து உங்களை நீங்களே விசாரிக்க வேண்டாம். பெரியார் 1930களிலேயே பெண்ணின் விடுதலையோடு சேர்த்துக் கருத்தடையைப் பேசியிருந்தார். காமராசர் காலத்தில் 1956இல் பள்ளிகளில் தொடங்கி, எம்.ஜி.ஆர். காலத்தில் 1982இல் விரிவடைந்த மதிய உணவு பெண் பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தியது. படித்த பெண்ணின் திருமண வயது தள்ளிப்போனது. ஊருக்குப் பேருந்து வந்தது, வானொலி வந்தது, பிள்ளையைப் படிக்கவைத்தால் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. இத்தனையும் சேர்ந்து செய்த வேலை அது.

நன்மை என்ன என்று கேட்டீர்கள். குழந்தைகள் குறைந்து முதியோர் இன்னும் பெருகாத ஓர் இடைக்காலத்தில், உழைக்கும் வயதினர் மிகுந்து, அவர்களை நம்பியிருப்போர் குறைவாக இருப்பார்கள். மக்கள்தொகை தரும் ஈவு, அதாவது இலாபப் பங்கு, என்று பொருளியலார் இதைச் சொல்வார்கள். தென்கொரியா அந்தக் காலத்தைப் படிப்பாகவும் தொழிலாகவும் மாற்றிக்கொண்டது. நாமும் ஓரளவு மாற்றிக்கொண்டோம். 2019-20ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இருபத்தைந்து வயதில் பேறுகாலம் முடிந்துவிட்ட தாயும், அவள் பள்ளிக்கு அனுப்பிய மகளும் இல்லாமல் இது நடந்திருக்காது.

ஆனால் இந்த ஈவு வட்டி கட்ட வேண்டிய ஈவு. மொத்த மக்களில் அறுபத்தைந்து வயதைக் கடந்தோர் ஏழு சதவீதத்திலிருந்து பதினான்கு சதவீதமாக உயர பிரான்சுக்கு 115 ஆண்டுகள் ஆயின. ஜப்பான் அதே தொலைவை 1970க்கும் 1994க்கும் இடையே 24 ஆண்டுகளில் கடந்தது. அதற்குள் அது செல்வ நாடாகவும் ஆகியிருந்தது. நாம் ஜப்பானின் வேகத்தை ஒட்டி நடக்கிறோம், ஆனால் அதன் பணப்பை நம்மிடம் இல்லை. 2021இல் தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் 13.6 சதவீதம் என்றும், 2031இல் அது 18.2 சதவீதமாகும் என்றும் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் கணித்திருக்கிறது. இந்தியா முழுமைக்கும் அந்த எண்கள் 10.1, 13.1. கேரளம் மட்டும் நமக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மூதாட்டிக்கு ஆறு மகன்கள் இருந்திருந்தாலும், வானம் பார்த்த அந்தப் பூமியில் ஆறு பேருக்கும் வேலை இருந்திருக்காது. ஆறு பேரும் ஆறு ஊருக்குப் போயிருப்பார்கள். அவரைத் தனியாக்கியது பிள்ளைகளின் எண்ணிக்கை என்பதைவிட, வேலைக்கும் ஊருக்கும் இடையே உள்ள தொலைவு என்பதே என் கணிப்பு.

தென்திசை மருத்துவர் எழுதிய பதில்:

சகோதரிக்கு வணக்கம். நான் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பதினெட்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். நீங்கள் கண்ட அந்தப் பெஞ்சுதான் என் அன்றாடம்.

நமது பொது சுகாதார அமைப்பு தாயையும் சேயையும் காப்பதற்காகவே வளர்ந்தது. அதில் வெற்றியும் பெற்றது. தமிழ்நாட்டில் இன்று அநேகமாக எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனால் பிரசவம் என்பது பத்து மாதத்தில் முடிந்துவிடும் காரியம். அம்மை, வயிற்றுப்போக்கு, நிமோனியா என்று நாம் அன்று எதிர்த்துப் போராடிய நோய்களும் அப்படித்தான்: வந்தால் ஒரு வாரத்தில் கொல்லும், இல்லையேல் விட்டுப்போகும். இப்போது வருபவை அப்படி விட்டுப்போவதில்லை. சர்க்கரை நோய் ஒருவரிடம் வந்தால் முப்பது ஆண்டுகள் கூடவே வாழ்கிறது. கண்ணைக் கெடுத்து, சிறுநீரகத்தைக் கெடுத்து, காலில் ஆறாத புண்ணை வைக்கிறது. ஒரு குழந்தைக்கு ஊசி போடுவது ஒருநாள் வேலை. ஒரு சர்க்கரை நோயாளியை நல்லபடியாக வைத்திருப்பது வாழ்நாள் உறவு. பின்னதற்கு வேண்டிய ஆட்கள் அமைப்புக்குள் இன்னும் வந்துசேரவில்லை.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அளவுக்கு மீறிய எடையுடன் இருக்கிறார்கள். அதே வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நால்வரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லை. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் ஐவரில் ஒருவருக்கு மேல் இரத்தச் சர்க்கரை உயர்ந்தோ, அதற்கு மருந்து உட்கொண்டோ இருக்கிறார்கள். பற்றாக்குறையின் நோயும் மிகுதியின் நோயும் ஒரே வீட்டில், சில சமயம் ஒரே உடலில் குடியிருக்கின்றன. எடை குறைந்து பிறந்த குழந்தை பிற்காலத்தில் எடை கூடும்போது சர்க்கரை நோய்க்கு எளிதில் ஆளாகிறது என்பது மருத்துவத்தில் நன்கு நிறுவப்பட்ட உண்மை. 1960களின் அரிசித் தட்டுப்பாட்டில் பிறந்தவர்கள்தான் இன்று என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். தனியாக வாழும் ஒரு பாட்டி, விடியற்காலையில் மயங்கிக் கிடந்ததாக அண்டை வீட்டார் தூக்கி வந்தார்கள். குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்தார். அவருடைய மஞ்சப்பையை மேசைமேல் கொட்டச் சொன்னேன். ஏழு மாத்திரை அட்டைகள் விழுந்தன. நாங்கள் கொடுத்த கிளிமிபிரைடு ஒரு வெள்ளை அட்டையில் இருந்தது. நகரத்தில் ஒரு தனியார் மருத்துவர் எழுதிக்கொடுத்த அதே மருந்து, வேறு நிறுவனப் பெயரோடு, பளபளக்கும் அட்டையில் இருந்தது. இரண்டும் வெவ்வேறு என்று எண்ணி இரண்டையும் விழுங்கியிருக்கிறார். இரவு பசிக்கவில்லை என்று சாப்பிடாமல் படுத்திருக்கிறார். அவருக்கு எழுத்து தெரியாது. காலை மாத்திரை, இரவு மாத்திரை என்று சூரியனும் நிலவும் வரைந்த உறைகளில் பிரித்துக் கொடுத்தோம். அதற்குப் பத்து நிமிடம் பிடித்தது. வெளியே நூறு பேர் காத்திருக்கும் நாளில் அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வரும் என்பதுதான் இன்றைய பொது சுகாதாரத்தின் உண்மையான சிக்கல்.

முயற்சியே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால், நடக்க இயலாதவர் வீட்டுக்கே சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை போகிறது. இயன்முறைச் சிகிச்சையாளரும், தீராத நோயின் வலியைத் தணிக்கும் நோய்தணிப்புச் செவிலியரும் வீடு தேடிப் போகிறார்கள். மாத்திரை கொண்டுபோவோர் பெரும்பாலும் மகளிர் சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த தன்னார்வலர்கள். முதியோருக்கென்று தனி மருத்துவம் வேண்டும் என்ற எண்ணமும் நமக்குப் புதிதல்ல. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ. நடராசன் 1978இலேயே அதற்கொரு புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. ஆனால் இளையான்குடிக்குப் பக்கத்திலுள்ள ஒரு பாட்டிக்குக் கிண்டி வெகுதூரம்.

குழந்தைகளுக்குப் புதன்கிழமை இருப்பதுபோல் முதியோருக்கும் வாரத்தில் ஒரு நிலையான நாளைத் துணை சுகாதார நிலையத்தில் வைக்கலாம் என்பது என் எண்ணம். அன்று மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்க்க வேண்டும், பாதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும், கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும், நாற்காலியிலிருந்து எழுந்து நான்கு அடி நடக்கச் சொல்லித் தடுமாற்றத்தைக் கவனிக்க வேண்டும். இரவில் கழிப்பறைக்குப் போகும்போது ஒரு படியில் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதற்குப் பிறகு எழுந்து நடமாடாமலே போய்விடும் முதியோர் பலர். வாசற்படிக்கு ஒரு கைப்பிடியும் கழிப்பறை வழியில் ஒரு விளக்கும் வைப்பது சில நூறு ரூபாய் வேலை.

ஒற்றை மகள் எழுதிய பதில்:

செவிலியர் அம்மாவுக்கு என் வணக்கம். நீங்கள் அழைத்துச் சென்ற தாய்மார்களைப் போன்ற ஒருவருக்குப் பிறந்த ஒரே மகள் நான். நான் படித்ததும் வேலைக்குப் போனதும் என் அம்மா ஒரு குழந்தையோடு நிறுத்திக்கொண்டதால்தான். ஆகவே நீங்கள் செய்தது தவறா என்ற கேள்விக்கு, அதன் பயனை அனுபவித்தவள் என்ற முறையில், இல்லை என்று உறுதியாகச் சொல்கிறேன்.

ஆயினும் மேலே எழுதிய இருவரும் தொடாத ஓர் இடம் இருக்கிறது. முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலையைச் செய்கிறவர் யார்? மகனுக்குக் கடமை என்று ஊர் சொல்கிறது. செய்வது மருமகளோ மகளோதான். என் அம்மாவுக்கு விழுப்புரத்தில் பக்கவாதம் வந்தபோது, ஒரு தனியார் மருத்துவமனையில் பதினொரு நாள் வைத்திருந்து, இனி வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை ஒருவரும் சொல்லித்தரவில்லை. மூன்றாம் வாரம் முதுகின் அடியில் ரூபாய் நாணய அளவுக்குத் தோல் சிவந்திருந்தது. எண்ணெய் தேய்த்தால் போதும் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் அது குழிப்புண் ஆனது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், குதிகால் படுக்கையில் அழுந்தாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைக்க வேண்டும், வலப்பக்கம் உணர்வில்லாததால் இடப்பக்கமாகச் சோறு ஊட்ட வேண்டும் என்பதையெல்லாம் வீட்டுக்கு வந்த அரசு இயன்முறைச் சிகிச்சையாளர்தான் காட்டிக்கொடுத்தார். ஐந்து மாதம் கைப்பேசியில் இரண்டு மணி நேரத்துக்கொரு மணி வைத்து எழுந்தேன். பிறகு வேலையை விட்டேன்.

பிள்ளை பெறும் பெண்ணுக்குச் சட்டப்படி இருபத்தாறு வார விடுப்பு உண்டு. தமிழக அரசுப் பணியில் அது ஓராண்டு. நல்லது, வேண்டியது. ஆனால் படுக்கையில் விழுந்த தாயைப் பார்க்க அப்படி ஒரு விடுப்பு, தனியார் துறையில் வேலை செய்கிற எனக்குச் சட்டத்தில் இல்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் கீழ், கைவிட்ட பிள்ளைகள்மீது கோட்டாட்சியரிடம் முறையிடலாம். மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை வாங்கித்தர அது வழிசெய்கிறது. கைவிட மனமில்லாமல், ஆனால் தாங்க முடியாமல் தவிக்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. பிறப்பு குறைந்த நாட்டில் ஒரு மகளின் இரண்டு கைகள்தான் இரு வீட்டு முதியோருக்கும் என்றால், அவளுக்கு மாற்றாக வந்து உட்கார ஊருக்குள் பயிற்சி பெற்ற ஓர் ஆள், நியாயமான சம்பளத்துடன், அரசுப் பொறுப்பில் இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் இன்னும் பிள்ளை பெறுங்கள் என்று பெண்களிடம் சொல்வது, மிச்சமிருக்கும் அவர்களுடைய நேரத்தையும் பறிப்பதாகும்.

வடமராட்சி வாசகர் எழுதிய பதில்:

வணக்கம். இலங்கையிலிருந்து சில வரிகள். உங்கள் மாநிலம் இன்று நிற்கும் இடத்துக்கு எங்கள் நாடு சற்று முந்தியே வந்தது. மலேரியாவை ஒழிக்கக் கிருமிநாசினி தெளிக்கத் தொடங்கியதும், வைத்தியசாலைகள் பெருகியதும், உணவு நிலை திருந்தியதும் சேர்ந்து, 1946இல் ஆயிரத்துக்கு இருபதாக இருந்த இறப்பு வீதம் 1947இல் பதினான்காக இறங்கியது. ஒரே வருடத்தில் இத்தகைய இறக்கம் உலகில் அரிதாகவே நிகழ்ந்தது. இலவசக் கல்வியும், வீடு வீடாக வந்த குடும்பநல உத்தியோகத்தர்களும் பிறப்பையும் குறைத்தனர். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டிலேயே அறுபது வயதைக் கடந்தோர் 12.4 சதவீதமாக இருந்தனர்.

எங்கள் அனுபவத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது பணத்தின் நிலைமை. அரச ஊழியருக்கு மாதாந்த ஓய்வூதியம் உண்டு. தனியார் துறையில் உழைத்தவருக்கு ஊழியர் சேமலாப நிதி மொத்தத் தொகையாகக் கையில் வருகிறது. மகளின் கலியாணத்திலும் வீட்டுக் கூரையிலும் அது கரைந்துவிடுகிறது. கமக்காரருக்கும் (விவசாயிகளுக்கும்) மீனவருக்கும் அதுவும் பெரிதாக இல்லை. 2022இல் விலைவாசி ஏறியபோது, வங்கி வட்டியை நம்பி வாழ்ந்த முதியவர்கள் எங்கள் ஊரில் மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்கியதை நான் கண்டேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கனடாவிலிருந்து காசு அனுப்புகிறார்கள். கிளினிக்குக்குக் கூட்டிச்செல்ல ஆளில்லை. உழைக்கும் வயதில் இருப்போர் மிகுந்திருக்கும்போதே ஓய்வூதிய நிதியைச் சேர்த்து வைக்காவிட்டால், பிறகு சேர்ப்பதற்கு வழியில்லை. நாங்கள் அந்தக் காலத்தின் பெரும்பகுதியைப் போரில் இழந்தோம்.

பாலாறு எழுதிய பதில்:

எல்லோரும் முதியோரைப் பற்றியே எழுதுகிறீர்கள். 1976இல் உறைநிலையில் வைக்கப்பட்ட நாடாளுமன்றத் தொகுதிகளின் எண்ணிக்கை, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து மாறக்கூடும். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய நமக்கு முப்பத்தொன்பது இடங்களும் நிலைக்குமா என்பது ஐயம். வரிப் பகிர்விலும் தலை எண்ணிக்கை பார்க்கப்படுகிறது. இந்த நிலையில் ஒரு குடும்பத்துக்கு மூன்று குழந்தைகள் என்று ஊக்கப்படுத்துவதில் என்ன தவறு? ஊக்கத்தொகை கொடுத்தால் பெற்றுக்கொள்வார்களே.

எண்ணுவோன் எழுதிய பதில்:

பாலாறு நண்பருக்கு: உங்கள் மனக்குறை நியாயமானது, நீங்கள் சொல்லும் மருந்துதான் பொருந்தவில்லை. தென்கொரியாவும் ஜப்பானும் சிங்கப்பூரும் பல ஆண்டுகளாகப் பணமும் சலுகையும் கொடுத்துப் பார்த்துவிட்டன. பிறப்பு அங்கே ஈடுசெய்யும் அளவுக்குத் திரும்பவில்லை. அப்படியே நாளை ஒரு குழந்தை கூடுதலாகப் பிறந்தாலும், அது வேலைக்குப் போய் வரி கட்ட இருபது ஆண்டுக்கு மேலாகும். அதுவரை அந்தக் குழந்தையையும் முதியோரையும் ஒருசேரத் தாங்க வேண்டியவர்கள் இன்றைய உழைப்பாளிகள்தாம்.

தொகுதிகளின் சிக்கலை அரசியல் சட்டத்தில் தீர்க்க வேண்டும், பெண்களின் வயிற்றில் அல்ல. நிதியில் போராடத்தக்க இடம் தெளிவாக இருக்கிறது. மத்திய வரியை மாநிலங்களுக்குப் பகிரும் அளவை வகுத்த பதினைந்தாவது நிதிக்குழு, அந்தக் கணக்கில் பிறப்பைக் குறைத்த மாநிலங்களுக்கு 12.5 சதவீத மதிப்பு கொடுத்தது. ஆனால் அப்படிக் குறைத்ததால் முதியோர் மிகுந்துவிட்ட மாநிலத்தின் செலவுக்கென்று தனி மதிப்பு எதுவும் வைக்கவில்லை. தமிழ்நாடு 1962இல் இருபது ரூபாயில் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாய் ஆனது. மத்திய அரசுத் திட்டத்தில் வருகிற ஒருவருக்கு, எண்பது வயதுவரை மத்திய அரசின் பங்கு அதில் இருநூறு ரூபாய்தான். பல ஆண்டுகளாக அது ஏறவில்லை. இருநூறு ரூபாய்க்கு இன்று ஒரு மாதத்துக் காய்கூட வாங்க முடியாது. குழந்தைகளின் எண்ணிக்கையைக் கூட்டக் கேட்பதைவிட, இந்தத் தொகையைக் கூட்டக் கேட்பது நம் முதியோருக்கு உடனே உதவும்.

செவிலியர் அம்மாவின் கடைசிக் கேள்விக்கு நான் முன்பு பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஐந்தாவது குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களில் அது ஆயிரத்துக்கு ஒன்று. இந்த மாற்றத்தின் சுமையை யார் உடல் தாங்கியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. உதவித்தொகையானாலும் வீட்டுப் பராமரிப்பானாலும், கணவரை இழந்து தனியே வாழும் பெண்களுக்கு முதல் உரிமை என்று ஆக்குவது கருணையாகாது. அது பழைய கடனைத் தீர்ப்பது.

வைகைக்கரை எழுதிய பதில்:

அனைவருக்கும் நன்றி. ஒற்றை மகள் எழுதியதை இருமுறை படித்தேன் அம்மா. உங்கள் தாயாரின் புண் இப்போது ஆறியிருக்கிறது என்று நம்புகிறேன்.

மருத்துவர் சொன்னதைப் படித்தபின் பரணில் இருந்த என் பழைய நோட்டுகளை இறக்கினேன். பிள்ளை பெறும் வயதிலுள்ள தம்பதியரைக் குறித்துவைக்கும் ‘தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டிலிருந்து’ எனக்காக நான் படியெடுத்து வைத்திருந்த குறிப்புகள் அவை. 1987 முதல் 1996 வரை என் துணை நிலையத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களின் பெயரும் தெருவும் அதில் இருக்கின்றன. இளம் செவிலியரும் நானும் மூன்று நாள் நடந்து, ஒரே ஊரில் முப்பத்துநான்கு பேரைத் தேடிப் பார்த்தோம். ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். பதினொரு பேர் தனியாக இருக்கிறார்கள். அந்தப் பதினொருவரில் நால்வருக்கு உதவித்தொகை வரவில்லை; இருவருக்கு மகன் பெயரில் நிலம் இருப்பதால் விண்ணப்பம் தள்ளப்பட்டது என்றார்கள், ஒருவர் விண்ணப்பிக்கவே இல்லை, இன்னொருவரின் கைரேகை இயந்திரத்தில் பதியவில்லை.

அந்த நோட்டின் பின்பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அவற்றில் இந்தப் பதினொருவருக்கும் பெயர், மாத்திரை, கடைசியாகப் பார்த்த இரத்த அழுத்தம், விழுந்தது உண்டா, அவசரத்துக்கு யார் என்று கட்டம் போட்டிருக்கிறோம். வரும் வியாழக்கிழமை அவர்களைத் துணை நிலையத்துக்கு வரச்சொல்லியிருக்கிறோம். வர முடியாத மூவர் வீட்டுக்கு நாங்களே போகிறோம். மருத்துவர் ஐயா, சூரியனும் நிலவும் வரைந்த அந்த உறைகளை எந்தத் தாளில் செய்தீர்கள், மழைக்காலத்தில் நமத்துப்போகாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதை மட்டும் எழுதினால் உதவியாக இருக்கும்.

தென்திசை மருத்துவர் எழுதிய பதில்:

சகோதரி, பழைய எக்ஸ்ரே படலத்தை உறையளவுக்கு வெட்டி, மூன்று பக்கமும் தடித்த நூலால் தைத்தோம். நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. படத்தை எண்ணெய் வண்ணத்தில் வரையுங்கள், பேனா மை அழிந்துவிடும். கண் புரை உள்ளவர்களுக்குக் காலை உறையின் ஒரு மூலையை மட்டும் வெட்டிவிடுங்கள். விரலால் தடவியே கண்டுகொள்வார்கள். கைரேகை பதியாதவருக்குக் கருவிழிப் பதிவு செய்ய இடமுண்டு. அவரை அழைத்துக்கொண்டு ஆதார் மையத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள்.